இன்னும் 790 சதுர அடி பாக்கி

அன்புடையீர், வணக்கம்.

நம் முதியோர் இல்லத்தின் தரைப் பணிக்காக நிர்வாகக் குழு எழுதும் இரண்டாவது மடல் இது. மொத்த வேலை 2,400 சதுர அடி. முதல் மடலுக்குப் பிறகு வந்த நன்கொடையில் 1,610 சதுர அடிக்கு வழி பிறந்துவிட்டது. மீதி 790 அப்படியே நிற்கிறது. பாலிஷ் போடுகிறவர்கள் அடுத்த மாதம் 20-ம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் மழைக்காலம் முடிந்துதான் மறுபடி கிடைப்பார்கள்.

கூடத்தின் மொசைக் தரைக்கு வயது 48. வெள்ளைச் சிமென்டில் சலவைக்கல் சில்லு கலந்து கொட்டியதையும், இறுகிய பின் தண்ணீர் விட்டு நாள்கணக்கில் கல்லால் தேய்த்ததையும் நம் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். வெனிஸ் நகரத்துத் தொழிலாளிகள் வேண்டாமென்று கழித்த சலவைக்கல் துண்டுகளைப் பொறுக்கிப் போட்ட தரையிலிருந்து வந்த வேலை இது என்பதில் அவர்களுக்குத் தனிப் பெருமை. இடையிடையே வரும் கறுப்புச் சில்லு தன் யோசனைதான் என்று இரண்டு பேர் இன்னமும் உரிமை கொண்டாடுகிறார்கள். குழு அதில் தலையிடுவதாக இல்லை.

போன மாதம் தூண் ஓரமாக ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பார்த்தோம். முதலில் சொரசொரப்பான கல், பிறகு படிப்படியாக நைசான கல். சாம்பல் நிறச் சேறு ஓடியது. துடைத்ததும் பச்சையும் கறுப்பும் புதுசாய்ப் பளிச்சென்று வந்தன. சுற்றிலும் இருந்த அழுக்கு மஞ்சளைப் பார்க்க எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. நல்ல மொசைக் 75 வருடத்துக்கு மேல் உழைக்கும். கீறலை அடைத்து, அவ்வப்போது பாலிஷ் போட்டால் போதும். ஆகவே கூடத்தின் 1,500 சதுர அடியில் பழைய தரையை உடைக்கப் போவதில்லை.

சிக்கல் பின்னால் கட்டிய அறைகளில். அங்கே செலவு குறையும் என்று வினைல் என்ற பிளாஸ்டிக் தரைவிரிப்பை ஒட்டினோம். ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, முடிவு எங்களுடையது. அமெரிக்க வீடுகட்டுநர் சங்கம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு வினைலுக்கு 50 வருடம் வரை ஆயுள் சொல்கிறது. நம்முடையது 7 வருடத்தில் கிழிந்தது. மேற்பூச்சு மெல்லியது, ஆட்கள் ஓயாமல் நடக்கும் இடத்துக்கு அரை மில்லிமீட்டராவது வேண்டும். கான்கிரீட் ஈரம் காயுமுன் ஒட்டியதால் பசையும் விட்டுப்போனது. ஜன்னலோர அறையில் சுருண்டு நிற்கும் ஓரத்தில் ஒரு பாட்டியின் ஊன்றுகோல் மாட்டிக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் கட்டில் பக்கமாகச் சாய்ந்தார்.

கார்பெட் போடலாமே என்று சிலர் கேட்டீர்கள். அதன் ஆயுள் 8 முதல் 10 வருடம். அரை நூற்றாண்டில் ஐந்து முறை பிரித்துப் போட வேண்டும். ஐந்து முறையும் உங்களிடமே வந்து நிற்க வேண்டும். லேமினேட் 15 முதல் 25 வருடம் தாங்கும். ஆனால் அடியில் இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், இழைத்துச் சரிசெய்யவும் முடியாது. அசல் மரத்தரையைத் திரும்பத் திரும்ப இழைக்கலாம், 100 வருடம்கூட இருக்கும். தினமும் இரண்டு வேளை ஈரத்துணி போடும் இடத்தில் அந்த ஆசை வேண்டாம். சலவைக்கல்லும் நூறு வருடச் சரக்குதான், ஆனால் அமிலம் பட்டால் வடு விழும்.

அதனால் 900 சதுர அடி அறைகளுக்குச் சொரசொரப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் என்று முடிவு. அது தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. டைல்ஸ் 75 வருடம் இருக்கும், அடியில் கலவை முழுக்கப் பரவியிருந்தால். காலியிடம் விட்டால் நாணயத்தால் தட்டும்போதே டொக்கென்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்காமல் கணக்கு முடிப்பதில்லை என்று பொருளாளர் சொல்லிவிட்டார். சுவரோரம் விரிவுக்கு இடைவெளி விடுவதையும் அவரே நின்று பார்ப்பார்.

ஒரு சதுர அடி ஒரு பங்கு. பாலிஷுக்கும் டைல்ஸுக்கும் செலவு வேறுதான். குழப்பம் வேண்டாமென்று சேர்த்துப் பிரித்திருக்கிறோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஓய்வூதியம் வந்த அன்றே இரண்டு பங்கு கொடுத்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர். தாயார் நினைவாக நாற்பது பங்கு ஏற்ற சகோதரிகள். பணம் இல்லை, நான்கு நாள் கூலி வேண்டாம் என்ற கொத்தனார். கட்டில்களைத் தூக்கி வைக்கத் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த பிள்ளைகள். உண்டியலை உடைத்து அரைப் பங்கு கொண்டுவந்த சிறுமி, அவளுக்கு முழுப் பங்கு ரசீதே போட்டோம். எல்லோரையும் இறைவன் நன்றாக வைத்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் கைதூக்கியவர்களில் 11 குடும்பங்கள் இன்னும் ஒரு பங்கும் செலுத்தவில்லை. அவர்களில் சிலருடைய பெற்றோர் இந்த அறைகளில்தான் இருக்கிறார்கள். பெயர் எழுத மாட்டோம். எழுத வைக்கவும் வேண்டாம்.

15-ம் தேதி மாலைக்குள் பொருளாளரிடம் பங்கைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். குறைந்தால் ஜன்னலோர அறையை முதலில் முடித்து, மற்றவற்றை நிறுத்திவைப்போம். அதுவரை அந்த வினைல் ஓரத்தில் பட்டை டேப் ஒட்டியிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் கால் வைக்கும்போது கவனம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினர்