வலது கட்டைவிரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. பொங்கல் கழிந்ததும் வலது கட்டைவிரலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று திருச்சி டாக்டர் நாள் குறித்துவிட்டார். நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டு குதிரைச் சேணம் போல் வளைந்திருக்குமாம். விரல்நுனியில் 1 கிலோ அழுத்தினால் அங்கே ஏறத்தாழ 12 கிலோ சுமை இறங்குமாம். எனக்கு அது தேய்ந்துவிட்டது. இத்தனை வருடம் துணி பிழிந்த கைக்கு வேறென்ன மிஞ்சும்? பட்டை கட்டிப் பார்த்தாயிற்று. ஸ்டீராய்டு ஊசி முதல்முறை 4 மாதம் தாங்கியது, இரண்டாம் முறை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

நீ எழுதியிருந்த செயற்கை மூட்டைப் பற்றிக் கேட்டேன். “உங்கள் மகள் டாக்டரா?” என்றார், எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் நீ வாட்ஸ்அப்பில்தான் எழுதினாய், பேசவில்லை. அந்தச் செயற்கை மூட்டு கிண்ணத்துக்குள் குண்டு சுழல்வதுபோல் இருக்குமாம்; கை சீக்கிரம் வசப்படும், ஆனால் பின்னால் தளர்ந்தாலோ நழுவினாலோ மறுபடி அறுக்க வேண்டிவரும். அதனால் தேய்ந்த சின்ன எலும்பை எடுத்துவிட்டு, முன்கைத் தசைநாணில் ஒரு கீற்றைச் சுருட்டி அங்கே வைக்கும் பழைய முறைக்கே சம்மதித்தேன். பிடிமானம் திரும்ப ஆறு மாதம்கூட ஆகலாமாம்.

மாவுக்கட்டு 5 வாரம் இருக்கும். அப்பா ரசம் வைத்துவிடுவார். ஜாக்கெட் கொக்கி போட மட்டும் யாரையாவது கூப்பிட வேண்டும். அதற்காக நீ வர வேண்டாம்.

உன் பிரசவத்துக்கு, மூன்று மாதம் உன்னோடு தங்குவதாகச் சொல்லி வந்தவள், பதினெட்டாம் நாளே அப்பாவின் சாப்பாட்டைக் காரணம் காட்டி ரயிலேறினேன். அது பொய். முந்தைய நாள் காலை, நீட்டிய கால்மேல் குட்டியைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வழுக்கும் நெஞ்சைத் தாங்கித் தூக்கியபோது, இந்த விரல் சுரீரென்று வெட்டிப் பிடி நழுவிவிட்டது. என் மடியில்தான் விழுந்தான், அழக்கூட இல்லை. நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். அன்று முழுவதும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அவனைத் தூக்கப் பயமாக இருந்தது. சொல்லவோ அதைவிடப் பயம். அம்மாவுக்கு அப்பாதான் முக்கியம் என்று நீ இந்த ஏழு வருடமும் நினைத்துக்கொண்டிருக்க விட்டுவிட்டேன்.

குட்டிக்குப் பொங்கல் லீவு எத்தனை நாள் என்று மட்டும் எழுது.

அம்மா