அந்த சாரிய எடுத்துடு பாப்பா

பாப்பா, நேத்து ராத்திரி 11 மணிக்கு மேல நீ போட்ட மெசேஜ பாத்தேன். "சாரிப்பா"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் நாலு தடவ போன் அடிச்சேன், எடுக்கல. அழுதுட்டு இருப்பா விடுங்கன்னு உங்கம்மா சொன்னா, அதான் கடைல உக்காந்து டைப் பண்றேன். இங்க மும்பைல விடிஞ்சதுலேர்ந்து மழை, 90 அடி ரோட்டுல கணுக்கால் வரைக்கும் தண்ணி, இன்னைக்கு யாரும் ரிப்பேருக்கு மிக்சிய தூக்கிட்டு வரப்போறதில்ல, அதனால நான் மெதுவா எழுதறேன் நீயும் மெதுவா படி.

வாள்சண்டை மேட்ச்ல 14-15னு தோத்துட்ட. உன் ரூம்ல இருக்கற பொண்ணுதான் அம்மாகிட்ட எல்லாம் சொல்லிச்சு. 14-14ல மூணு தடவ ரெண்டு லைட்டும் சேந்து எரிஞ்சுதாமே, நாலாவது தடவதான் உன்ன எதுத்து ஆடின பொண்ணுக்கு மட்டும் எரிஞ்சுதாம். ரெண்டு லைட்டும் எரிஞ்சா ரெண்டு பேருக்கும் பாயிண்ட்தானே, அப்புறம் ஏன் மறுபடி ஆடவிட்டாங்கன்னு அம்மா கேட்டா. நீ ஆடற எப்பே வாள்ல அப்படித்தான், ஆனா 14-14 ஆயிட்டா அது செல்லாதுன்னு நான் சொல்லிக் குடுத்தேன். ஒரு செகண்ட 25 கூறு போட்டா அதுல ஒரு கூறு, அந்த நேரத்துக்குள்ள ரெண்டு பேர் குத்தும் விழுந்தாதான் ரெண்டு பக்கமும் எரியும். அப்படி மூணு தடவ அவகூட சரிசமமா நின்னுருக்க, ஆறு மாசம் முட்டிக்கு கட்டு போட்டு படுத்திருந்த புள்ள! எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல, தோத்துட்டியேன்னு இல்ல, அந்த மூணு லைட்டையே நினைச்சுக்கிட்டு கிடந்தேன்.

இப்ப உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வருஷமா சொல்லல.

நீ பன்னெண்டாவது படிச்சப்ப ஸ்டேட் மீட்டுல குவார்ட்டர் பைனல் ஆடினியே, ஞாபகம் இருக்கும். 13-14ல நீ அந்தப் பொண்ணு மணிக்கட்டுல நேரா குத்தின, கேலரில இருந்த எனக்கே தெரிஞ்சுது, ஆனா லைட் எரியல. வெப்பன செக் பண்ணி பாத்தாங்க, உள்ள வயர் விட்டுருந்துச்சு. மாத்திக்கோன்னு விட்டாங்க, ஆனா எரியாத லைட்டுக்கு டச், அதாவது பாயிண்ட், குடுக்க முடியாதுன்னு ரெப்ரீ சொல்லிட்டார், அவர் சொன்னது ரூல்தான். அடுத்த டச் அவளுக்குப் போச்சு, 13-15. வெளிய வந்து நீ கேட்டப்ப, பழைய பிளேடும்மா, அப்படித்தான் ஆகும்னு நான் சொன்னேன்.

அது பொய்ம்மா. முந்தின நாள் ராத்திரி ஒரு மணிக்கு கடைய மூடிட்டு வந்து வாள்ல கைய மறைக்கற அந்த கார்டுக்குள்ள இருக்கற சாக்கெட்டுல வயர சால்டர் வெச்சது நான்தான். கண்ணு சொருகுது, சூடு சரியா ஏறல, மேலாக்க ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, அது எனக்கு அப்பவே தெரியும். விடியற்காலை 5 மணிக்கு கிளம்பணுமேன்னு விட்டுட்டேன். வாள் நுனில இருக்கற டிப்ப மட்டும் ஒழுங்கா பாத்தேன், 750 கிராம் எடைய வெச்சு ஸ்பிரிங் தூக்குதான்னு பாத்தேன், ஒன்றரை மில்லி தகடும் அரை மில்லி தகடும் விட்டுப் பாத்தேன், வெப்பன் செக்குலயும் பாஸ் ஆயிடுச்சு. உள்ள இருந்த அந்த ஒரு சால்டர் மேட்ச் பாதில விட்டுடுச்சு. இருபது வருஷமா இதே தொழில் பண்றவன், என் புள்ள வாள்ல அந்த வேலைய செஞ்சேன். நீ "விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்லி சயான் ஸ்டேஷன்ல எனக்கு வடாபாவ் வாங்கிக் குடுத்த. அத தின்ன எனக்கு தொண்டைல இறங்கல. சாரி சொல்லணும்னா அன்னைக்கு நான் சொல்லிருக்கணும், இப்ப சொல்றேன்.

நீ எதுக்கு சாரி சொல்றேன்னும் எனக்குத் தெரியும். காசு. எப்பே, மாஸ்க், சட்டைக்குள்ள மாட்டற பாடி வயர், குர்லால நேத்ராவதி எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிடும்போது அம்மா கைல வளையல் இல்லாதது, எல்லாத்தையும் நீ மனசுக்குள்ள ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்க. சின்னதுலேர்ந்தே அப்படித்தான் நீ. வளையல போன தைலயே மீட்டாச்சு, சீட்டும் முடிஞ்சுது, யாருக்கும் ஒரு ரூபா பாக்கி இல்ல. அந்த நோட்ட கிழிச்சுப் போடு.

2021 ஜூலை உனக்கு மறந்திருக்காது. ஸ்கூல் மூடி ஹால் மூடி எல்லாம் மூடி கிடந்துது, நம்ம சந்துல வாள்சண்டை ஆடற 14 மீட்டர் பிஸ்ட்டுக்கு எங்க போறது, துணி காயப்போடற கம்பில டென்னிஸ் பால கட்டித் தொங்கவிட்டேன், நீ அத குத்திக் குத்தி பழகின. அப்பதான் டோக்கியோல பவானி தேவி ஆடினாங்க. நம்ம நாட்டுலேர்ந்து ஒலிம்பிக்ஸ்ல வாள் எடுத்த முதல் ஆளு, வண்ணாரப்பேட்டை பொண்ணு. முதல் மேட்ச் 15-3, அடுத்தது பிரான்ஸ் மனோன் புரூனேகிட்ட 7-15. அன்னைக்கே அவங்க சாரின்னு ட்விட்டர்ல எழுதினாங்க. அத படிச்சுட்டு நீ எவ்ளோ கோவப்பட்ட! "ஜெயிச்சவங்க எதுக்குப்பா சாரி சொல்லணும்"னு அம்மாகிட்ட எங்கிட்ட பக்கத்து வீட்டு ஆச்சிகிட்டன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்ட. ரெண்டு வருஷம் கழிச்சு 2023ல அதே பவானி தேவி சீனால ஆசிய சாம்பியன்ஷிப்ல உலக சாம்பியன் மிசாகி எமுராவ 15-10னு அடிச்சுட்டு, அடுத்த மேட்ச் செமில 14-15னு தோத்து வெண்கலத்தோட வந்தாங்க. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு போகவும் முடியல. அவங்க ஆடறது சேபர், நீ எப்பே, ரெண்டும் வேற வேறன்னு நீ எனக்கு கிளாஸ் எடுப்ப, எடு. அந்த 14-15 மட்டும் ரெண்டுத்துலயும் ஒண்ணுதானே.

நீ தொடர்ந்து ஆடணும்னு எனக்கு ஆசைதான், இல்லன்னு சொன்னா அதுவும் பொய். உன் முதல் நேஷனல்ல பூல்ல, அந்த முதல் ரவுண்டுல, ஆடின அத்தனை மேட்சும் தோத்து, ஒரே ஒரு மேட்ச்ல மட்டும் நாலு டச் எடுத்துட்டு "நாலுப்பா!"ன்னு ஓடி வந்த, அந்த முகத்த நான் மறுபடி பாக்கணும். ஆனா முட்டி வலி பொறுக்கல, மனசு ஒட்டலன்னா நிறுத்திக்கோ, வந்து மிச்சம் இருக்கற டிகிரிய முடி. எனக்கு திருப்பிக் குடுக்கணும்னு மட்டும் ஆடாத. முட்டிய அங்க இருக்கற டாக்டர்கிட்ட இந்த வாரமே காமி, ஐஸ் வெச்சு சமாளிக்காத.

பார்சல் இன்னைக்கு அனுப்பிருப்பேன், மழையால நாளைக்குதான். ரெண்டு பாடி வயர் இருக்கு, லேமிங்டன் ரோட்டுலேர்ந்து நல்ல வயரா வாங்கிப் போட்டேன், சால்டர ஒவ்வொண்ணா மூணு தடவ இழுத்துப் பாத்தாச்சு. டிப் திருகாணி பத்து எண்ணி சின்ன டப்பால போட்டுருக்கேன், தொலைக்காத. அம்மா இட்லிப் பொடி வெச்சிருக்கா.

போன் எடுக்கலன்னாலும் பரவால்ல. சாப்டேன்னு மட்டும் போடு. அந்த சாரிய டெலீட் பண்ணிடு.

அப்பா