மழைநீர்க் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு உள்ள கட்டடங்களைக் கணக்கெடுக்கிறார்கள். மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழி இருந்தால் 'உண்டு' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்பது யார் கவலையும் இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தபோது கெடு தேதிக்குப் பயந்து வெட்டிய குழிகளில் பல இன்று சகதி அடைத்து, மேலே டைல்ஸ் போட்டு மூடிக் கிடக்கின்றன. புதுக் கட்டடங்களிலும் சான்றிதழ் வாங்குவதற்கென்றே வெட்டும் குழிகள் உண்டு.

கணக்கு எளிது. சென்னையில் ஆண்டு மழை சராசரி சுமார் 1,400 மி.மீ. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். ஆனால் இந்த மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை, கொட்டித் தீர்க்கும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் அதே மாடியிலிருந்து 4,600 லிட்டர் இறங்கும். வழக்கமாக வெட்டும் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழக் குழியின் கொள்ளளவு 340 லிட்டர். அதில் ஜல்லியை நிரப்பினால் இடுக்குகளில் 140 லிட்டர்கூட நிற்காது. மீதி எங்கே போகும்? கேட்டைத் தாண்டித் தெருவுக்குத்தான்.

ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். தூசியும் இலைச்சருகும் மேல் மணலில் படிந்து ஏடாகக் கட்டிவிடும். அதை அள்ளிப் போட்டுப் புது மணல் கொட்ட யாருக்கும் பொறுமை இல்லை. இதைவிட உறை கிணறு மேல். மூன்றடி விட்டம், 15 அடி ஆழம், துளையிட்ட சிமென்ட் உறைகள். உறைகளுக்கு இடையே சிமென்ட் பூசக்கூடாது. அடியில் கான்கிரீட் போடக்கூடாது. விழும் தண்ணீர் மண்ணை அரிக்காதபடி ஓரடி உயரத்துக்கு ஜல்லி போதும். மற்றபடி கிணறு காலியாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே நேரத்தில் சுமார் 3,000 லிட்டர் தாங்கும், ஆள் இறங்கித் தூர் வாரவும் முடியும். மேலே வண்டி ஏறினாலும் தாங்கும் கான்கிரீட் மூடி அவசியம். இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும்.

கிணற்றுக்கு முன்னால் இரண்டடிச் சதுரத்தில் ஒரு கசடுத் தொட்டி கட்டாயம். அதன் தரை, வெளியேறும் குழாயைவிட ஓரடி தாழ்ந்திருக்க வேண்டும். பல கட்டடங்களில் தொட்டி கட்டுகிறார்கள், ஆனால் குழாயைத் தரைமட்டத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கசடு தங்க இடமில்லாமல் அத்தனையும் நேரே கிணற்றுக்குப் போகிறது. கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் இது.

மண்ணைப் பார்க்காமல் எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம் கொடுப்பது அடுத்த கோளாறு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் ஆழமில்லாத கிணறே போதும். உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் அது உதவும். அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் களிமண். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும்வரை போகாத கிணறு வெறும் தொட்டிதான். கிணற்றுக்குள் துளையிட்டுக் குழாய் இறக்கி அடுத்த அடுக்கைத் தொடலாம், ஆனால் அந்தக் குழாய் வாய்க்கு வடிகட்டி வேண்டும். புழக்கத்தில் இருக்கும் போர்வெல்லுக்குள் மாடித் தண்ணீரை நேரடியாக விடவே கூடாது. வண்டல் போய்க் குழாயின் துளைகளை அடைத்தால் போர்வெல்லே வீண். கேட் அருகே ஓடி வரும் தண்ணீரில் வண்டி எண்ணெயும் கலந்திருக்கும். அதற்கும் இதே விதி.

சம்ப்பில், அதாவது தரைக்கடியில் கட்டிய தொட்டியில், மழைநீர் சேமிப்பவர்கள் முதல் 2 மி.மீ. மழையை, அதாவது ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 190 லிட்டரை, வெளியே விட்டுவிட வேண்டும். காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பும் வேப்பஞ்சருகும் மாடிக் குழாய் வாயில்தான் ஒதுங்கும். ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரமான வலை மூடி இல்லாததால் மாடியில் தண்ணீர் தேங்கிக் கூரை ஒழுகும் வீடுகள் எத்தனையோ. இன்னும் மோசம், மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பது. பிறகு மழை பெய்ததும் மேன்ஹோல் பொங்குகிறது என்று புகார் கொடுப்பதும் அதே வீட்டுக்காரர்தான்!

மாநகராட்சியிடம் கேட்பது ஒன்றே. ஆய்வை செப்டம்பரில் தண்ணீர் ஊற்றிச் செய்யுங்கள். 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். மூன்றடி விட்டக் கிணற்றில் சுமார் இரண்டடி நிற்கும். மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் அளக்க வேண்டும். மணல் பகுதியில் ஒரு மணி நேரத்திலேயே வற்றிவிட வேண்டும். மறுநாளும் அப்படியே நின்றால் தூர் வார வேண்டும், அல்லது ஆழம் போதாது. நவம்பரில் இந்தச் சோதனை செல்லாது. வேளச்சேரி போன்ற தாழ்வான இடங்களில் நிலத்தடி நீரே மேலே வந்து நின்றிருக்கும்.

முடிவை அரையாண்டு சொத்து வரி ரசீதிலேயே அச்சிடலாம். தண்ணீர் இறங்காத கிணற்றுக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து மறுசோதனை செய்யலாம். அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் முதலில் தொடங்கினால், தனி வீட்டுக்காரர்களிடம் கேட்க மாநகராட்சிக்கும் முகம் இருக்கும்.

இப்படிக்கு,
நீர் மேலாண்மைப் பொறியாளர் ஒருவர்,
சென்னை