பனிமலைச் சுற்றுலா விற்கும் கொழும்பு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அலுவலகம் வைத்துக் குளிர்காலச் சுற்றுலா நடத்தும் முகவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கான சுவிஸ் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றிலும் அதே படம்தான்: நீல வானம், வெள்ளை மலை, சிவப்பு ஜாக்கெட் போட்டுச் சிரிக்கும் குடும்பம். கீழே "பனிச்சறுக்கு அனுபவமும் உண்டு" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

உங்களில் ஒருவருடைய குழுவில் நாங்களும் போய்வந்தோம். யார் என்று சொல்லப் போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். அந்த "அனுபவம்" என்ன தெரியுமா? ரப்பர் வளையத்துக்குள் குந்தி ஒரு சரிவில் வழுக்கி இறங்குவது. கியூவில் நின்றதையும் சேர்த்தால்கூட ஒரு மணித்தியாலம் வராது. பக்கத்துச் சரிவில் நாலைந்து வயதுப் பிள்ளைகள் வாத்துக்குஞ்சுகள் போல் ஆசிரியருக்குப் பின்னால் வரிசையாகச் சறுக்கிப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். அப்புறம் பஸ், அடுத்த ஊர், சொக்கலட் கடை.

நான் கேட்பது இதுதான். ஒரு ஊரைக் குறையுங்கள், அந்த நாளை முழுதாக ஆரம்பநிலைச் சரிவில் கொடுங்கள். சுவிஸ் மலையூரான எங்கெல்பேர்க்கையே எடுங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் எல்லாரையும் சுழலும் கேபிள் காரில் ஏற்றி நேரே 3,020 மீற்றருக்கு, டிட்லிஸ் மலையின் உச்சி நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். வயதானவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழகுநர்களுக்கான கேர்ஷ்னியால்ப் சரிவுகளோ மிகக் கீழே, ஊருக்குச் சற்று மேலேயே இருக்கின்றன. அங்கே ஆசிரியர் உண்டு, வாடகைக்குச் சறுக்குப் பலகைகள் உண்டு. ஆனால் உங்கள் பயண நிரலில் அந்தப் பெயரே இல்லை.

ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். அரை நாளிலேயே நிறைய வரும். முதலில் சப்பாத்து: கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கனத்த பிளாஸ்ரிக் சப்பாத்தோடு நடக்கப் பழகவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அடுத்தது பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்துத் தள்ளி வேகத்தைக் குறைப்பது. பிள்ளைகளுக்கு இதை "பீட்சா" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், பீட்சாத் துண்டின் வடிவம் என்பதால். பலகைகளைச் சமாந்தரமாக வைத்தால் உருளைக்கிழங்குப் பொரியல். விழும்போது பக்கவாட்டில் விழ வேண்டும் என்பதும் பாடத்தில் சேரும். இவ்வளவும் தெரிந்தால் நீலக் கம்பு நட்ட சரிவில் மெதுவாக இறங்கலாம். அங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. கம்புகளைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பதையும் யாராவது தமிழில் சொல்ல வேண்டும். மலைப்பனி மொத்தமாகச் சரிந்து விழும் அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, டாவோஸில் உள்ள ஆய்வு நிலையம் குளிர்காலம் முழுதும் அறிக்கை வெளியிடுகிறது. அந்த ஊர்க்காரர் மலைக்குப் போகுமுன் பார்ப்பது அதைத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் கொழும்பிலேயே சொல்லி அனுப்புங்கள். வாடகைக் கடையில் எடை, உயரம், வயது எல்லாம் கேட்பார்கள். விழும்போது சப்பாத்து பலகையிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகாணியில் சரிசெய்கிறார்கள். இன்னொரு குழுவோடு போய்ப் பலகை வாடகைக்கு எடுத்த எங்கள் மாமி ஒருவர், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற கூச்சத்தில் பத்துக் கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க, திரும்பும்போதெல்லாம் பலகை கழன்றது. இது பரவாயில்லை. கூட்டிச் சொல்லியிருந்தால் பலகை கழலாமல் முழங்கால் திருகியிருக்கும்.

உடுப்பு விஷயம். நீங்கள் தந்த பட்டியலில் "சூடான உடை" என்று மட்டும் இருந்தது. குழுவில் பாதிப்பேர் ஜீன்ஸோடு வந்தார்கள். பருத்தி நனைந்தால் காயாது. அதற்குப் பிறகு குளிர் எலும்புக்குள் போய்விடும். உள்ளே உடலோடு ஒட்டிய தேர்மல், நடுவில் கம்பளி, வெளியே நீர் புகாத காற்சட்டையும் ஜாக்கெட்டும் என்று மூன்று வரி எழுதினால் போதும். நுவரெலியா பேல் பஜாரில் நல்ல ஜாக்கெட்டுகள் மலிவாகவே கிடைக்கின்றன. வெயில் கிரீமையும் கறுப்புக் கண்ணாடியையும் சேருங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். குளிர் நாட்டில் வெயில் என்ன செய்யும் என்று கேட்டவர்கள் மூக்குச் சிவந்து திரும்பினார்கள்.

சுற்றுலா முடிந்து பேர்ண் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கினேன். நீங்கள் காட்டாத குளிர்காலம் அங்கேதான் இருந்தது. விடியுமுன் அத்தான் சவளால் வாசல் பனியைத் தள்ளுவார், கார்க் கண்ணாடியைச் சுரண்டுவார். குளிருக்கென்று வேறு டயர். படிக்கட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஈரச் சப்பாத்துகள். பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. அக்காவும் அத்தானும் இத்தனை வருடத்தில் பலகையில் ஏறியதே இல்லை. வேலைக்குப் போய் வரவே நேரம் சரி. மகன் மட்டும் பள்ளிக்கூட முகாமில் பழகி, சிவப்புக் கம்புச் சரிவிலும் இறங்குகிறான். அவனுக்கு வேண்டிய பலகையைப் பருவம் முழுவதற்கும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறார்கள், வளரும் பிள்ளைக்கு யார் வருடா வருடம் வாங்குவது? இப்படியான வீடுகளில் உள்ள இளைஞர்கள் தமிழும் ஜெர்மனும் பேசுவார்கள். உங்கள் குழுவுக்கு ஒரு நாள் உதவ அவர்களில் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாமே.

கடைசியாகக் காப்புறுதி. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பதால் ஒன்றை எடுத்துத் தருகிறீர்கள், சரி. பனிச்சறுக்கில் கால் முறிந்தால் அது செல்லுமா? எங்கள் பத்திரத்தில் குளிர்கால விளையாட்டுகள் விலக்கப்பட்டிருந்தன. சரிவிலிருந்து தூக்கிக் கீழே கொண்டுவருவதற்கே அங்கே தனிக் கட்டணம். விலக்கு இருந்தால் விளம்பரத்திலேயே போடுங்கள், அல்லது கூடுதல் பணம் வாங்கி அதையும் சேருங்கள்.

இந்த டிசம்பர் விளம்பரத்தில் எந்தச் சரிவு, எத்தனை மணி நேரப் பாடம், சப்பாத்தும் பலகையும் விலைக்குள் அடங்குமா, காப்புறுதி ஏற்குமா என்று எழுதியிருந்தால் என் தங்கை குடும்பத்தை உங்களிடமே அனுப்புகிறேன். விலை கொஞ்சம் கூடினாலும் அவர்கள் தயார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர்