ஃபேன் சத்தம் அடங்கியது: உதவியவர்களுக்கு என் நன்றி

அன்புள்ள நண்பர்களே,

என் லேப்டாப் ஃபேன் அடங்கி இன்றோடு ஒரு வாரம். அதற்கு முந்தைய பத்து நாளும் காலையில் புராஜெக்டைத் திறந்தவுடன் சிபியு ஏறிவிடும். தட்டிய எழுத்து திரைக்கு வர ஒரு நொடி ஆகும். மெஷினையே மாற்றக் கேட்டுவிடலாம் என்றிருந்தேன்.

சீனியர் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. ரீஸ்டார்ட் செய்யப் போன என்னை, "இரு தம்பி, காய்ச்சல் அடிக்கும்போதே பார்த்துடுவோம்" என்று நிறுத்தினீர்கள். எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் (top) கமாண்டில், ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் நோட் (Node.js) புராசஸ் ஒன்று 130 சதவீதத்தில் நின்றது. 100 என்பது சிபியுவுக்குள் இருக்கும் ஒரு கோர் மட்டும்தான், எட்டு கோர் மெஷினில் 800 வரை போகும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம், ஒரு புராசஸ் கர்னலிடம் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை (strace) அதன் மேல் ஓடவிட்டீர்கள். ஃபைல் மாறியதா என்று கேட்கும் ஒரே அழைப்பு நிற்காமல் கொட்டியது, அதுவும் பெரும்பாலும், வெளியிலிருந்து இறக்கிய லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள். நாங்கள் யாரும் கை வைக்காத ஆயிரக்கணக்கான ஃபைல்கள் அவை.

காரணத்தைப் பிடித்தது புதிதாகச் சேர்ந்த தம்பி. புராஜெக்டின் செட்டிங்குகள் இருக்கும் என்விரான்மென்ட் ஃபைலில் ஒரு வரியைக் காட்டி, "அண்ணா, போலிங் எதுக்கு ஆன்ல இருக்கு?" என்று கேட்டாய். போலிங் என்றால், ஃபைல் மாறியதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. இரண்டு மாதம் முன்பு நான் போட்ட வரி அது. டிஸ்க் பாதி காலியாக இருந்தும் 'இடமில்லை' என்று அன்று எரர் வந்தது. அதைத் தவிர்க்கத்தான் போலிங்கை ஆன் செய்தேன். உண்மையில் தீர்ந்தது டிஸ்க் இல்லை, ஃபைல் மாறினால் கர்னலே சொல்லும் வசதியான ஐநோட்டிஃபை (inotify) கண்காணிக்கக்கூடிய எண்ணிக்கை. பழைய லினக்ஸ் கர்னல்களில் அது 8192தான். அதை 524288 ஆக்கினோம், போலிங்கை எடுத்தோம், நோட் மாட்யூல்ஸைக் கண்காணிப்பிலிருந்து விலக்கினோம். சிபியு 3 சதவீதத்துக்கு இறங்கியது.

எஸ்ட்ரேஸை 1991இல் முதலில் எழுதிய பால் கிரானன்பர்க்குக்கும், இன்றுவரை அதைப் பராமரித்து வருபவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஐநோட்டிஃபை 2005இல் லினக்ஸ் கர்னலின் 2.6.13 பதிப்பில் வந்தது. அதை உருவாக்கியவர்களுக்கும் நன்றி. இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தம்பி, உன் பில்ட் மெதுவாக ஓடுகிறது என்றாயே, வெள்ளிக்கிழமை சேர்ந்து பார்ப்போம். இந்த முறை எஸ்ட்ரேஸை நான் ஓட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீம் நண்பன்