அந்தப் படம் எப்படிக் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள்

செய்திப் படங்களுக்கும் செய்திக் காணொளிகளுக்கும் விருது தரும் நடுவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் படங்களை விடாமல் பார்த்துவருகிறேன். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவியும்போது ஒவ்வொன்றுக்கும் கொடுக்க உங்களிடம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் கதறும் முகமும், எரியும் கட்டடமும், புகைக்கு நடுவே விழும் வெளிச்சமும் முந்திக்கொண்டு நிற்கும். அவை ஜெயிக்கக்கூடாது என்று சொல்லவரவில்லை. ஆனால், எடுத்தவர் அந்த இடத்துக்கு எப்படிப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், எடுத்த பிறகு என்ன செய்தார் என்ற கேள்விகளை, சந்தேகம் வந்த பிறகு மட்டும் எழுப்பினால் போதாது. முதல் சுற்றிலிருந்தே அவற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடுவர்கள் சரியாகச் செய்த ஒன்றையே முதலில் சொல்கிறேன். 2016-இல், உலக அளவில் செய்திப் படங்களுக்கு விருது தரும் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் ஆண்டுச் சிறந்த படமாக வந்தது வாரன் ரிச்சர்ட்சன் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். செர்பியா, ஹங்கேரி எல்லையில் சுருள் முள்வேலி. அதன் அடியில் ஒரு கைக்குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கைமாற்றுகிறார்கள். ஃபோகஸ் கூர்மையாக இல்லை, படம் முழுக்க கிரெயின் என்னும் புள்ளிகள். ஃபிளாஷ் போட்டிருந்தால் தெளிவாக வந்திருக்கும், ஆனால் வேலி தாண்டுகிறவர்களைப் போலீஸ் கண்டுபிடித்திருக்கும். அந்த அகதிகளோடு ஐந்து நாள் தங்கியிருந்தவர், நிலா வெளிச்சமே போதும் என்று எடுத்தார். மனிதர்களைக் காட்டிக்கொடுக்காமல் எடுக்க வேண்டும் என்று அவர் செய்த முடிவு அந்த மங்கலிலேயே தெரிகிறது. கூர்மைக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் அது முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

காணொளியில் இது இன்னும் முக்கியம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்ததைப் படம் பிடித்தவர் டார்னெல்லா ஃபிரேசியர். அப்போது அவருக்கு 17 வயது. கையில் இருந்தது செல்போன். போலீஸ் முதலில் வெளியிட்ட அறிக்கை ஃபிளாய்டின் மரணத்தை ஏதோ உடல்நலக் கோளாறால் நேர்ந்த சாவு போலச் சொன்னது. அந்த அறிக்கையை உடைத்தது இந்தக் காணொளிதான். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் பெரிய இதழியல் விருதான புலிட்சரின் குழு ஃபிரேசியருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அந்தக் காணொளியின் பலம் அவர் அசையாமல் நின்றதும் நிறுத்தாமல் எடுத்ததும். அதையே யாராவது நாற்பது நொடியாக வெட்டி, அடியில் சோக இசை போட்டிருந்தால் சாட்சியம் போயிருக்கும், உணர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கும். போட்டிக்கு வரும் காணொளிகளில் பின்னணி இசை சேர்த்தவற்றை இசை இல்லாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். வெட்டாத மூலப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கு, ரஷ்யப் படை முற்றுகையிட்ட உக்ரைன் நகரமான மரியுபோலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2022 மார்ச் 9 அன்று அங்கே மகப்பேறு மருத்துவமனை குண்டுவீச்சுக்கு ஆளானது. காயம்பட்ட கர்ப்பிணியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும் காட்சியை எவ்கேனி மலொலெட்கா எடுத்தார். எல்லாம் நடிப்பு என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. மலொலெட்காவும் காணொளி எடுத்த மஸ்டிஸ்லாவ் செர்னோவும் படத்தை அனுப்பியதோடு முடித்துக்கொள்ளவில்லை. முற்றுகைக்குள்ளேயே அந்த மருத்துவமனையிலிருந்து தப்பியவர்களைத் தேடிப்போனார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்த பெண்ணும் அவர் குழந்தையும் இறந்துபோன செய்தியையும் அவர்களுடைய செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்தான் உலகுக்குச் சொன்னது. மறுநாள் அதே மனிதர்களைத் தேடிப்போகும் இந்தப் பொறுப்பும் சேர்ந்ததுதான் செய்திப் படம். இதற்கு உங்கள் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இருக்கிறதா?

எடிட்டிங் விஷயத்தில் விதிகள் ஏற்கெனவே கடுமையாகிவிட்டன. 2015-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவற்றில் 20 சதவீதத்தை, படத்தில் கைவைத்ததற்காக நீக்கினார்கள். அது நல்லது. ஆனால், அதே ஆண்டு நடந்த இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெல்ஜியத்தின் ஷார்லெரா நகரைப் பற்றிய ஒரு படத்தொடருக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதில் ஒரு படம் ஷார்லெராவிலேயே எடுக்கப்படவில்லை, பிரஸ்ஸல்ஸில் எடுத்தது. அங்கே பொய் சொன்னது படக்குறிப்பு. படக்குறிப்பு இல்லாத செய்திப் படம் எந்த ஊருக்கும் எந்தப் போருக்கும் ஒட்டிக்கொள்ளும், தினமும் அப்படி ஒட்டித்தான் பரப்புகிறார்கள். ஆகவே எங்கே, எப்போது, யார், எடுக்கும்போது அங்கே வேறு யார் இருந்தார்கள் என்பதெல்லாம் படக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, படத்துக்குப் போடுவதற்குச் சமமாக அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

துயரத்தைக் காட்ட உடல்களைத்தான் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. 2022-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் ஆண்டுச் சிறந்த படமாக வந்த ஆம்பர் பிராக்கனின் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. கனடாவில் கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளியில் இறந்த பழங்குடிக் குழந்தைகளின் நினைவாக, சாலையோரச் சிலுவைகளில் சிவப்பு உடைகளை மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். பார்த்ததிலிருந்து என் மனதைவிட்டுப் போகவில்லை.

அப்புறம், எடுத்தவர் யார் என்ற கேள்வி. வியட்நாமில் 1972 ஜூன் 8 அன்று, நாபாம் குண்டில் வெந்து ஓடிவரும் சிறுமியின் படத்துக்கு 1973-இல் அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் நிக் உட் பெயரில் விருதுகள் கிடைத்தன. அதை எடுத்தவர் வேறொருவராக இருக்கலாம் என்ற கேள்வி எழுந்து, 2025-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அந்தப் படத்துக்கு எடுத்தவர் பெயரைக் குறிப்பதை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிக் உட் பெயரையே தொடர்கிறது. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஒரே இடத்தில் நிறுவனத்துக் கேமராக்காரரும் ஸ்ட்ரிங்கர் எனப்படும் உள்ளூர்ப் பகுதிநேரப் படக்காரரும் தோளோடு தோள் நின்று எடுக்கும் தொழில் இது. யார் எந்த ஃபிரேமை எடுத்தார் என்ற பதிவை அன்றைக்கே பத்திரப்படுத்தாவிட்டால் ஐம்பது வருடம் கழித்தும் பதில் கிடைக்காது. போட்டிக்கு அனுப்பும் நிறுவனத்திடம், தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களின் மூலக் கோப்புகளையும் கேளுங்கள்.

கூடவே, வண்டி ஓட்டியவர், மொழிபெயர்த்தவர், உள்ளூரில் வழிகாட்டியவர் ஆகியோரின் பெயர்களுக்கும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு இடம் ஒதுக்குங்கள். வெளியே சொன்னால் அவர்கள் உயிருக்கு ஆபத்து என்றால் உங்கள் கோப்பில் மட்டும் இருக்கட்டும். ஆபத்து இல்லையென்றால் பரிசு அறிவிக்கும் அன்று, எடுத்தவர் பெயரோடு சேர்த்து அவர்கள் பெயரையும் வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தேர்வுகளை அக்கறையோடு பார்க்கும் ஒரு வாசகர்