சிகரெட் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் பக்கத்தில் சிகரெட் விற்ற கடைகளில் சோதனை, அபராதம் என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. வரட்டும், வேண்டியதுதான். ஆனால் கடைக்காரன் பக்கத்திலிருந்து யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் 19 வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மேல்நிலைப் பள்ளி வாசலில் இருந்து என் கடை இரண்டு தெரு தள்ளி. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ம் வருடச் சட்டம். என் கடை அந்தக் கணக்குக்கு வெளியே. சாயங்காலம் மணி அடித்ததும் பையன்கள் கெஜக்கோலை வைத்துக்கொண்டா நடக்கிறார்கள்?

அவர்கள் வருகிற விதமே தனி. மூன்று பேர் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பார்கள், ஒருவன் மட்டும் கடைக்கு வருவான். யூனிபார்ம் சட்டைக்கு மேல் ஒரு கலர் சட்டை. உள்ளங்கையில் சில்லறை முன்னாடியே எண்ணி வைத்திருப்பான். ஒரு சிகரெட், நான்கு புதினா மிட்டாய். ஒன்றை நான்கு பேர் மாற்றி மாற்றி இழுப்பார்கள், அப்புறம் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு. "யாருக்குல இது?" என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க அண்ணாச்சி."

இதில் என்ன கஷ்டம் என்றால், அது முழுப்பொய் இல்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு பையன், இரண்டாம் வகுப்பில் இருந்தே என் கடைக்கு அப்பாவுக்குச் சிகரெட் வாங்க வருகிறவன். அப்போது மிட்டாய் ஜாடிக்கு மேலே தலை தெரியாது, கையும் ரூபாயும் மட்டும்தான் தெரியும். நான் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில், மீதிச் சில்லறைக்குத் தேன்மிட்டாயும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். எது அப்பாவுக்கு, எது அவனுக்கு என்பது எந்த வருஷத்தில் மாறியது என்று எனக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது.

2019-ல் மத்திய அரசு 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், 100-க்கு எட்டரைப் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறவர்கள். அதை விட என்னை உறுத்தியது வேறு. சிகரெட் பிடித்துப் பார்த்த பிள்ளைகளில் 38 சதவீதம் பேர், பீடி குடித்துப் பார்த்தவர்களில் 47 சதவீதம் பேர், பத்து வயது முடியும் முன்பே தொடங்கிவிட்டார்களாம். பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை சிகரெட்டைக் கையில் எடுக்க வேறு எங்கே வழி? பெரும்பாலும் கடையில் இருந்து வீட்டுக்குப் போகிற அந்த வழியில்தான்.

எங்கள் பக்கத்தில் இதை விஷமாக யாரும் பார்த்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். மடியில் சுளவு, அதில் இலை, தூள், நூல். ராத்திரி நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து நுனி மடக்கிக் கொடுப்போம், தும்மிக்கொண்டே. சோறு போட்ட பொருளை எப்படிப் பயந்து பார்ப்பது? பையன்களிடம் கேன்சர் என்று சொன்னால், "எங்க தாத்தா கடைசி வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் படம் போட்டுத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் உதிரியாக ஒன்று எடுத்துக் கொடுத்தால் அந்தப் படம் என் கடைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. புகையிலை ஒழிப்பு நாள் மே 31. அன்றைக்குப் பள்ளிக்கூடமே லீவு!

சட்டம் என்ன சொல்கிறது? 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. யாருக்காக வாங்குகிறான் என்ற பேச்சே அதில் இல்லை. அந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான், ஆனால் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வருடம் அட்டையில் எழுதி மாட்டினேன்: "அப்பாவுக்கு என்றாலும் பிள்ளைகளிடம் தர மாட்டோம்." முதல் வாரமே ஒருவர் வந்து ஏசினார். "எம் பிள்ளைய நான் அனுப்புதேன், ஒமக்கு என்னவே?" என்றார், பாக்கியை முழுசாக எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். சிகரெட்டில் எனக்கு நிற்பது ஒன்றுக்குக் கொஞ்சம் காசுதான். ஆனால் சிகரெட் வாங்குகிறவர்தான் டீத்தூள், சோப்பு, முட்டை எல்லாம் வாங்குகிறவர். ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்கு லாபம், அவ்வளவுதான் நடக்கிறது. அதிகாரிகள் வருஷத்துக்கு ஒரு முறை வண்டியில் வந்து ஒரு கடையைப் பிடித்துப் போட்டோ எடுப்பதை விட, ஊரில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அப்பாக்களிடம் "உங்கள் சிகரெட்டை நீங்களே போய் வாங்குங்கள்" என்று சொல்லலாம். பிடிக்காதீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி.

ஏசிவிட்டுப் போனவர் அந்தப் பத்தாம் வகுப்புப் பையனின் அப்பாதான். அவர் இப்போது என் கடைப் பக்கம் வருவதில்லை. பையன் மட்டும் ரீபில் வாங்க வருகிறான், சில்லறை கொடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறான்.

இப்படிக்கு,
ஒரு பெட்டிக்கடைக்காரர்,
தென்காசி மாவட்டம்.